வாக்கர்னா யாரு? சர்நேம் ஹிஸ்டரி ஃப்ரேம் வாங்கின அனுபவம்

பெரம்பூர்ல எங்க பக்கத்து போர்ஷன் அங்கிளுக்கு போன மாசம் 75 வயசு முடிஞ்சுது. ஆங்கிலோ இந்தியன் ஃபேமிலி, சர்நேம் வாக்கர், ரயில்வேல இன்ஜின் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு, நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன், எனக்கு சைக்கிள் ஓட்ட கத்துக்குடுத்ததே அவருதான். அவருக்கு சட்டைத்துணி, வாட்சுன்னு குடுக்காம மனசுல நிக்கிற மாதிரி ஏதாவது குடுக்கணும்னு தேடிட்டு இருந்தப்போ ஒரு விளம்பரம் வந்துச்சு, உங்க சர்நேமோட வரலாறு, குடும்பச் சின்னத்தோட, ஃப்ரேம் போட்டு வீட்டுக்கே வரும்னு. பேரை டைப் பண்ணினா போதும், மிச்சத்தை அவங்க ரிசர்ச் டீம் பாத்துக்குவாங்களாம். 2,490 ரூபாய், டெலிவரி தனியா 150. யோசிக்காம ஆர்டர் போட்டுட்டேன். கம்பெனி பேரை இங்க எழுதல, ஏன்னா இதே மாதிரி விக்கிறவங்க நிறைய பேரு இருக்காங்க, சாம்பிள் படங்களைப் பாத்தா எல்லாம் ஒரே அச்சுதான், அதனால இந்த மாதிரி பொருள் வாங்கலாமான்னு யோசிக்கிற யாருக்கும் இது உதவும்.

முதல்ல நல்லதை சொல்லிடுறேன். பேக்கிங் ரொம்ப கவனமா பண்ணியிருந்தாங்க, பபிள் ராப் சுத்தி, நாலு மூலைக்கும் தெர்மாகோல் வெச்சு, கண்ணாடில ஒரு கீறல் கிடையாது. ஒன்பது நாள்ல கைக்கு வந்துடுச்சு. 12க்கு 16 இன்ச் கருப்பு ஃப்ரேம், மரம்னு போட்டிருந்தாங்க, தட்டிப் பாத்தா மர நாரை அழுத்தி செஞ்ச எம்டிஎஃப் பலகை மேல ஷீட் ஒட்டினது, இருந்தாலும் மூலையெல்லாம் சுத்தமா சேர்ந்திருந்துச்சு. பேப்பர் பழுப்பு கலர்ல ஓரமெல்லாம் கருகின மாதிரி டிசைன், எழுத்து தெளிவு. ஹால்ல மாட்டினா அம்சமாத்தான் இருக்கும். பின்னாடி கொக்கி மட்டும் வீக், அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

இப்போ உள்ள என்ன இருந்துச்சுன்னு பாப்போம், ஏன்னா காசு குடுத்தது அதுக்குத்தான். மேல ஒரு கேடயம், அதுல சிவப்பு சிங்கம், கேடயத்துக்கு மேல இரும்புத் தலைக்கவசம், கீழ லத்தீன்ல ஏதோ ஒரு வாசகம். அதுக்கு கீழ இருபது வரி. சாராம்சம் இதுதான்: வாக்கர் வம்சம் ரொம்ப பழமையான வீர வம்சம், ராஜாவோட காடுகளை நடந்து நடந்து காவல் காத்ததால அந்த பேரு வந்துச்சு, அவங்க விசுவாசத்தை மெச்சி ராஜா இந்த சின்னத்தை குடும்பத்துக்கு குடுத்தாரு. எந்த ஊரு, எந்த ராஜா, எந்த வருஷம்னு ஒரு இடத்துலயும் இல்ல. ஆர்டர் வந்த அன்னிக்கு நான் அதை கவனிக்கவே இல்ல, கிஃப்ட் பேப்பர் சுத்துற அவசரத்துல இருந்தேன்.

பிறந்தநாள் அன்னிக்கு ஆன்ட்டி மஞ்ச சோறும் பால் கறியும், அதாவது கொத்துக்கறி உருண்டைக் குழம்பும், பண்ணியிருந்தாங்க, வீடு நிறைய ஆளுங்க. அங்கிள் பிரிச்சு பாத்தாரு, கண்ணாடியை போட்டுக்கிட்டு முழுசா படிச்சாரு, ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் என் தோள்ல கை போட்டு, "ரொம்ப தேங்க்ஸ் தம்பி, யாரும் எனக்கு இந்த மாதிரி யோசிச்சு குடுத்ததில்ல மேன்"னு சொன்னாரு. ராத்திரி எல்லாரும் போனதுக்கு அப்புறம் வாசல்ல உக்காந்திருந்தப்போ மெதுவா கேட்டாரு, "எங்க அப்பா இன்ஜின்ல கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன், அவரோட அப்பா ஜோலார்பேட்டைல ஃபிட்டர், அதுக்கு முன்னாடி யாருன்னு எங்களுக்கே தெரியாது. ராஜா, சிங்கம் எல்லாம் இவங்களுக்கு யாரு மேன் சொன்னாங்க?" அவரு குறை சொல்லல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், அடுத்த ரெண்டு வாரம் லைப்ரரி, பழைய அகராதின்னு அதே வேலையா இருந்தேன்.

வாக்கர்ங்கிற பேருக்கும் இன்னிக்கு நாம சொல்ற வாக்கிங்குக்கும் நேரடி சம்பந்தம் கம்மி. பழைய இங்கிலீஷ்ல வெல்கன்னு ஒரு சொல் இருந்துச்சு, உருட்டுறது, புரட்டுறதுன்னு அர்த்தம். அதுல இருந்து வந்தது வெல்கெரே, அதுதான் பின்னாடி வாக்கர் ஆச்சு. வாக்கர்னா நெய்த கம்பளித் துணியை தொட்டில போட்டு காலால மிதிச்சு, புரட்டி, அலசி, பதப்படுத்துற தொழிலாளி. கால்நடையா போறதுங்கிற அர்த்தம் அந்த சொல்லுக்கு பிற்பாடு வந்து ஒட்டிக்கிட்டது. ஜெர்மன்ல இன்னிக்கும் துணி மிதிக்கிற வேலைக்கு வால்கென்னுதான் பேரு, அங்கயும் வால்கர்னு சர்நேம் இருக்கு. காட்டுல ஒரு பகுதியை சுத்திப் பாக்குற ஆளுக்கும் இந்த பேரு வந்திருக்கலாம்னு பழைய புத்தகங்கள்ல ஒரு விளக்கம் உண்டு, ஃப்ரேம்காரங்க அந்த ஒரு ஓரத்தை மட்டும் எடுத்து சிங்கம் வரைஞ்சிருக்காங்க, ஆனா சர்நேம் அகராதிகள் முதல்ல வெக்கிறது துணி மிதிக்கிறவரைத்தான்.

அந்த வேலை எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா படிக்க படிக்க எனக்கு மனசு அதுலயே நின்னுடுச்சு. தறில இருந்து இறங்கின கம்பளி முரடா, இழை இழையா, ஆட்டோட எண்ணெய்ப் பிசுக்கு போகாம இருக்கும். அதை தொட்டில போட்டு, தண்ணியோட நாள்பட்ட மூத்திரத்தையும் ஊத்துவாங்க. ஆமா, மூத்திரம்தான். வீடு வீடா போய் சேகரிச்சு, புளிக்க வெச்சு எடுத்துட்டு வருவாங்க, அதுல இருக்கிற அமோனியா பிசுக்கை பிடிச்சு சோப்பு மாதிரி கரைச்சு எடுத்துடும். கூடவே எண்ணெயை உறிஞ்சுற ஒரு வகை களிமண்ணையும் போடுவாங்க. அப்புறம் வெறுங்காலோட அந்த தொட்டில இறங்கி மணிக்கணக்கா மிதிக்கணும். மிதிக்க மிதிக்க கம்பளி நார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு துணி சுருங்கி, தடிச்சு, காத்து குளிர் புகாத மாதிரி ஆகும். அதுக்கு அப்புறம் சுத்தமான தண்ணில அலசி, மரச்சட்டத்துல கொக்கி மாட்டி இழுத்து காயப்போடணும், இல்லன்னா கோணிக்கும். இங்கிலாந்து குளிர்ல, முழங்கால் அளவு அந்த தண்ணில நின்ன காலை நினைச்சுப் பாருங்க. அந்த நாட்டோட செல்வமே கம்பளித் துணி வியாபாரத்துல ஏறினதுதான், மெஷின் வர்ற வரைக்கும் அந்த மாதிரி துணி இப்படி ஒரு ஆளோட கால்ல மிதிபட்டுத்தான் சந்தைக்கு போயிருக்கு. 12ஆம் நூற்றாண்டுக் கடைசில தண்ணிச் சக்கரத்துல ஓடுற மர சம்மட்டி மில்லு வந்துச்சு, டெம்ப்ளர்ங்கிற மதவீரர் அமைப்போட 1185ஆம் வருஷத்து சொத்துக் கணக்குலயே அந்த மில்லு பதிவாயிருக்கு. மெஷின் வந்ததுக்கு அப்புறமும் தொழிலோட பேரு மட்டும் கால்லயே நின்னுடுச்சு. ஸ்காட்லாந்து பக்கத்து ஹெப்ரிடீஸ் தீவுகள்ல பொம்பளைங்க மேசையைச் சுத்தி உக்காந்து ஈரக் கம்பளியை அடிச்சுக்கிட்டே பாட்டு பாடுவாங்க, அந்த பழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்துச்சு, அந்த வேலைக்கு அங்க இங்கிலீஷ்ல இதே வாக்கிங்னுதான் பேரு, எழுத்து மட்டும் கொஞ்சம் வேற.

இதே தொழிலுக்கு இங்கிலாந்துல இடத்துக்கு இடம் பேரு மாறியிருக்கு. வடக்குலயும் மேற்கு மிட்லேண்ட்ஸ்லயும் வாக்கர், தென்கிழக்குல ஃபுல்லர், தென்மேற்குல டக்கர். மூணும் ஒரே தொட்டில இறங்கின மூணு பேரு. அதாவது ஒருத்தரோட சர்நேமை வெச்சே அவங்க முன்னோர் எந்த திசைல இருந்திருக்கலாம்னு ஓரளவுக்கு ஊகிக்கலாம். அங்கிளுக்கு இதை சொன்னப்போ, "அப்போ நாங்க நார்த்தா?"ன்னு உடனே கேட்டாரு. இருபது வரி சிங்கப் புராணத்துல இந்த ஒரு தகவல் இருந்திருந்தா கூட நான் காசு வீண்னு சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்ததா கிடைச்சதுதான் என்னை நிறுத்தி வெச்ச விஷயம். மாற்கு சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்துல இயேசுவோட உடை வெண்மையா பிரகாசிச்சதை சொல்ற இடத்துல, பூமில எந்த ஃபுல்லராலயும் அப்படி வெளுக்க முடியாதுன்னு இங்கிலீஷ் பைபிள்ல வரும். 14ஆம் நூற்றாண்டுல வந்த விக்லிஃப் மொழிபெயர்ப்புல அந்த இடத்துல ஃபுல்லர், வாக்கர் ரெண்டு சொல்லையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க. அங்கிள் வீட்டுல ஆன்ட்டி வெச்சிருக்கிற தமிழ் பைபிளை எடுத்து அதே வசனத்தை பாத்தேன். எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மைன்னு இருக்கு.

எங்க தாத்தா சலவைத் தொழிலாளி. வண்ணாரப்பேட்டைல பொறந்து, அப்புறம் சேத்துப்பட்டு டோபி கானால துறைகல்லு பிடிச்சு முப்பது வருஷத்துக்கு மேல துணி தொவைச்சவரு. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்ல ஏத்தி அனுப்பின துணிகளை வெளுத்துக் குடுத்த ஜனங்க குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை, பேரே அதுதான். தாத்தா உவர்மண்ணையும் வெள்ளாவியையும் பத்தி சொல்லி நான் கேட்டிருக்கேன், ஒவ்வொரு அடிக்கும் வாயில இருந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் வரும், கால் ரெண்டும் எப்பவும் வெளிறிப்போய், விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு இருக்கும், ராத்திரி பாட்டி தேங்காண்ணெய் தடவி விடுவாங்க. ஸ்கூல்ல அந்த தொழில் பேரையே திட்டா மாத்தி என்னை கூப்பிட்ட பசங்க இருந்தாங்க. அதனால அந்த வசனத்தை ஆன்ட்டி கிச்சன்ல நின்னு படிச்சப்போ எனக்கு பேச்சே வரல. இங்கிலாந்துல ஒரு ஊர்ல தொட்டில நின்ன ஒருத்தரும் சேத்துப்பட்டுல கல்லு முன்னாடி நின்ன எங்க தாத்தாவும் செஞ்சது ஒரே வேலை, ஒருத்தரோட பேரன் பேத்திங்க எங்க பக்கத்து வீட்டுல. இவ்வளவு நாள் நடுவுல ஒரு செவுருதான் இருந்திருக்கு. அப்படிப்பட்ட பேரு மேல சிங்கத்தை ஒட்டி, உழைச்ச காலை மறைச்சு விக்கிறாங்கன்னு நினைச்சப்போதான் எனக்கு கோவம் வந்துச்சு, இந்த ரிவ்யூ எழுத உக்காந்ததும் அதனாலதான்.

அந்த சின்னத்து விஷயத்தையும் தெளிவா சொல்லணும், ஏன்னா ஏமாத்து அங்கதான் இருக்கு. இங்கிலாந்துல சர்நேம் குடும்பத்தோட ஒட்டி தலைமுறை தலைமுறையா வர ஆரம்பிச்சது 1066ல பிரான்ஸ்ல இருந்து நார்மன்கள் படையெடுத்து வந்ததுக்கு அப்புறம்தான், அதுவும் முதல்ல நிலம் வெச்சிருந்த பெரிய வீடுகள்ல, மெதுவா கீழ இறங்கி 1400 வாக்குலதான் பெரும்பாலான சாதாரண ஜனங்களுக்கு நிலைச்சுது. ஒரே ஊர்ல பத்து ஜான் இருந்தா வரி வசூலிக்கிறவன் என்ன பண்ணுவான், துணி மிதிக்கிற ஜான், மில்லு ஜான், ஆத்தோரத்து ஜான்னு எழுதிக்குவான். 1377, 1379, 1381ல போட்ட தலைவரி லிஸ்ட்டுகள்ல இந்த மாதிரி பேருங்க கூட்டம் கூட்டமா இருக்கு. அப்பன் வாக்கரா இருந்தா மகன் தச்சு வேலை பாத்தாலும் அவனும் வாக்கர்னு ஆகிடுச்சு. இப்போ யோசிங்க, கம்பளி நெய்த ஊர்ல எல்லாம் ஒரு வாக்கர் இருந்திருப்பாரு, அப்போ இந்த சர்நேம் நூத்துக்கணக்கான இடத்துல தனித்தனியா, ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தமே இல்லாம முளைச்சிருக்கு. இங்கிலாந்துல ரொம்ப சாதாரணமான இருபது சர்நேம்ல இதுவும் ஒண்ணு. இத்தனை பேருக்கும் சேத்து ஒரே வம்சம், ஒரே ராஜா, ஒரே சிங்கம்னா அது எப்படி நடக்கும்?

அதோட, அங்க கேடயச் சின்னம்ங்கிறது சர்நேமுக்கு குடுக்கிறதே கிடையாது. தனி ஒரு ஆளுக்கு குடுப்பாங்க, அப்புறம் அவரோட ஆண் வழி வாரிசுங்க அதை பயன்படுத்தலாம். இதை பாத்துக்கிற ஆபீஸ் லண்டன்ல காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்னு இருக்கு, 1484ல மூன்றாம் ரிச்சர்ட் காலத்துல ஆரம்பிச்சது, இன்னிக்கும் வேலை செய்யுது. ஒரே சர்நேம் இருக்கிறதால மட்டும் ஒருத்தருக்கு அந்த சின்னத்துல உரிமை வராதுன்னு அவங்களே தெளிவா சொல்றாங்க. அதனால எந்த கடைல வாங்கினாலும், உங்க சர்நேமோட சின்னம்னு ஒண்ணு அச்சடிச்சு குடுத்தா, எப்பவோ வாழ்ந்த யாரோ ஒரு வாக்கரோட சின்னத்தை எடுத்து உங்களுக்கு குடுக்கிறாங்கன்னுதான் அர்த்தம். ஃபேமிலி கிரெஸ்ட்னு போடுறதும் தப்பு, கிரெஸ்ட்னா தலைக்கவசத்து உச்சில இருக்கிற சின்ன உருவம் மட்டும்தான், முழு சின்னத்துக்கு அந்த பேரு கிடையாது.

நம்ம ஊரு வாசகர்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும். ஆங்கிலோ இந்தியன் குடும்பங்களுக்கு சர்நேம் வெறும் அலங்காரம் கிடையாது. அரசியல் சட்டம் 366வது பிரிவுல ஆங்கிலோ இந்தியன்னா யாருன்னு எழுதியிருக்கிறதே அப்பா வழில ஐரோப்பிய முன்னோர் இருக்கணும்ங்கிறதை வெச்சுத்தான், அப்பா வழிங்கிறது சர்நேம்லதான் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனி 1687லயே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு லெட்டர் எழுதி, சிப்பாய்ங்க இங்க இருக்கிற பொண்ணுங்களை கல்யாணம் பண்ணிக்கிறதை ஊக்குவிக்க சொல்லுச்சு, குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கிற அன்னிக்கு தாய்க்கு பகோடாங்கிற அந்தக் காலத்து தங்கக் காசு ஒண்ணு. இந்த குடும்பங்களோட பாதி கதை அந்த தாய்மாரோடது, ஆனா அவங்க பேரு எந்த ஃப்ரேம்லயும் வராது, சர்நேம் ஹிஸ்டரின்னு எழுத ஆரம்பிச்சாலே அவங்க மறைஞ்சு போயிடுறாங்க. அங்கிள்கிட்ட இதை சொன்னப்போ, "எங்க பாட்டிக்கு பாட்டி தமிழ் பொண்ணுன்னு சொல்லுவாங்க, பேரு யாருக்கும் தெரியல தம்பி"ன்னாரு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்ல.

நம்ம பக்கம் கதை வேற. நமக்கு இனிஷியல்தான், அப்பா பேரோட முதல் எழுத்து, அடுத்த தலைமுறைல அதுவும் மாறிடும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தை பேருக்கு பின்னாடி போடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க, அதனாலதான் எங்க தாத்தாவோட தொழில் என் பேருக்கு பின்னாடி வால் மாதிரி தொங்கல, அதுக்கு நான் நன்றியோட இருக்கேன். ஆனா அங்க வாக்கர்னு சொன்னா யாரும் முகம் சுளிக்கிறதில்ல, தொழில் பேரு வெறும் பேரா கரைஞ்சு போச்சு. இங்க அது நடக்கல. மெட்ராஸ்ல இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்ததா சொல்லுவாங்க, பக்கிங்ஹாம் கால்வாய் மேல மயிலாப்பூர் பக்கம் ஹாமில்டன் பிரிட்ஜ்னு ஒண்ணு, ஜனங்க வாயில அது அம்பட்டன் வாராவதி ஆகி, அதை கேட்டு இங்கிலீஷ்ல பார்பர்ஸ் பிரிட்ஜ்னே மொழிபெயர்த்துட்டாங்களாம், ஒரு வெள்ளைக்கார சர்நேம் தொழில் பேரா மாறிடுச்சு. இப்போ அதுக்கு அம்பேத்கர் பேரு. பாரீஸ் கார்னர்ல இருக்கிற பாரி கூட வேல்ஸ் பேரு, ஆப் ஹாரி, அதாவது ஹாரியோட மகன், நம்ம இனிஷியல் மாதிரியேதான். ஸ்பென்சர்னா பெரிய வீட்டு உக்கிராணத்துல சாமான் எடுத்துக் குடுக்கிற ஆளு. இந்த ஊர்ல தினமும் நாம சொல்ற பேருங்க பலதுக்கும் உள்ள ஒரு வேலையோ ஒரு அப்பாவோ இருக்காங்க, சிங்கத்தை தேடினா கிடைக்காது.

சரி, கம்பெனிக்கு வரேன். கஸ்டமர் கேர் சேட்ல பொறுமையாத்தான் பேசினேன். உங்க தகவல் எங்க இருந்து எடுத்ததுன்னு கேட்டேன், எங்க ரிசர்ச் டீம் சரிபார்த்ததுன்னு பதில். என்ன ஆதாரம்னு கேட்டேன், அது உள்விஷயம்னு சொல்லிட்டாங்க. துணி மிதிக்கிறவர்ங்கிற அர்த்தத்தை ஏன் போடலன்னு கேட்டதுக்கு வந்த பதில் என்னை ரொம்ப உறுத்துச்சு, கிஃப்டா குடுக்கிறதுல கஸ்டமர்ஸ் பெருமையான விஷயத்தைத்தான் எதிர்பாக்குறாங்க சார்னு. பேரு போட்டு அச்சடிச்ச பொருள், ரிட்டர்ன் கிடையாது, அடுத்த ஆர்டருக்கு 20 பெர்சென்ட் கூப்பன் தரோம்னாங்க. வாங்கல.

அதனால நானே பண்ணேன். ஃப்ரேம் நல்லா இருக்கிறதால அதை வெச்சுக்கிட்டு உள்ள பேப்பரை மட்டும் மாத்தலாம்னு முடிவு பண்ணி, பதினாலு வரி எழுதினேன், இங்கிலீஷ்ல ஒரு பக்கம், தமிழ்ல ஒரு பக்கம். வாக்கர்னா என்ன வேலை, ஃபுல்லரும் டக்கரும் எப்படி ஒரே வேலை, மாற்கு ஒன்பதாம் அதிகாரம், கடைசில ஜோலார்பேட்டை ஃபிட்டர், பெரம்பூர் ஃபயர்மேன், இன்ஜின் டிரைவர்னு அங்கிளுக்கு உறுதியா தெரிஞ்ச மூணு தலைமுறை. தெரியாததை ஒரு வரி கூட சேக்கல. அந்த பேரு தெரியாத பாட்டிக்கு ஒரு வரி விட்டேன், தமிழ்ல, பேரு இருக்க வேண்டிய இடத்தை காலியாவே வெச்சு. சிங்கத்துக்கு பதிலா எங்க அக்கா பொண்ணு பேனாவுல ஒரு மரத் தொட்டி, அதுல முழங்கால் வரைக்கும் ரெண்டு கால், மடிப்பு மடிப்பா துணின்னு வரைஞ்சு குடுத்தா. கால் விரல் எப்படி வரையணும்னு கேட்டப்போ தாத்தாவோட பழைய போட்டோவை காட்டினேன், அதனால அந்த காலு எங்க தாத்தா காலு.

பேரக்ஸ் ரோட்டுல ஒரு டிடிபி சென்டர்ல டைப் பண்ணி ஐவரி போர்டுல பிரிண்ட் எடுக்க 180 ரூபாய் ஆச்சு, அங்க இருந்த அக்கா ரெண்டு எழுத்துப்பிழையை அவங்களே பாத்து திருத்தினாங்க. ஃப்ரேம் கடைல பின்பக்க ஆணியை நெம்பி எடுத்து, பேப்பர் மாத்தி, மறுபடி டேப் ஒட்டித் தர 120. அந்த அண்ணன்தான் கொக்கியை பாத்துட்டு, இந்த வெயிட்டுக்கு நடுவுல ஒரே கொக்கி தாங்காது தம்பி, ஒரு நாள் விழுந்துடும்னு சொல்லி ரெண்டு பக்கமும் வளையம் அடிச்சு கம்பி கட்டிக் குடுத்தாரு. ஆக மொத்தம் 300 ரூபாய். முதல்லயே இந்த வழில போயிருந்தா ஃப்ரேமோட சேத்து ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்.

வாங்கியே ஆகணும்னு நினைக்கிறவங்க ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டெக்ஸ்ட்டை முழுசா அனுப்ப சொல்லிக் கேளுங்க, ஊரும் வருஷமும் இல்லாத வரலாறா இருந்தா விட்டுடுங்க. கேடயம் வேண்டாம்னு சொல்லுங்க. நிஜமா குடும்ப வரலாறு வேணும்னா ஞானஸ்நான சர்டிஃபிகேட், கல்யாண சர்டிஃபிகேட்ல இருந்து ஆரம்பிங்க, சர்ச்சுகள்ல ரெஜிஸ்டர் இருக்கும், பங்குத்தந்தைகிட்ட மரியாதையா கேட்டா பாக்க விடுவாங்க. கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் மேரிஸ் சர்ச் 1680ல கட்டினது, ராபர்ட் கிளைவ் கல்யாணம் கூட அங்கதான் நடந்துச்சு. அந்த காலத்து மெட்ராஸ் சர்ச் பதிவுகளோட காப்பி லண்டனுக்கு போய் இப்போ பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, சொந்தத்துல யாராவது அங்க இருந்தா பாத்து சொல்லச் சொல்லலாம். சர்நேமோட அர்த்தம் ஒரு விஷயம், குடும்பத்தோட வரலாறு வேற விஷயம், ரெண்டையும் ஒரே பேப்பர்ல குழப்பி விக்கிறவங்ககிட்ட ஜாக்கிரதை.

என் மார்க்: பேக்கிங்குக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஃப்ரேமுக்கு மூணு, உள்ள இருந்த வரலாறுக்கு பூஜ்யம், கஸ்டமர் கேருக்கு ஒண்ணு. பேரக்ஸ் ரோடு டிடிபிக்கும் ஃப்ரேம் அண்ணனுக்கும் அஞ்சுக்கு அஞ்சு.

போன ஞாயித்துக்கிழமை மாஸ் முடிஞ்சு வந்ததும் புது ஃப்ரேமை அங்கிள் கைல குடுத்தேன். உக்காந்து படிச்சாரு, தொட்டி படத்து மேல கண்ணாடியை விரலால தொடைச்சாரு, "இது யாரு காலு மேன்?"னு கேட்டாரு. சொன்னேன். எந்திரிச்சு உள்ள போய் சுத்தியலையும் ரெண்டு ஆணியையும் எடுத்துட்டு வந்து, வேளாங்கண்ணி மாதா படத்துக்கும் அவரோட ரிட்டயர்மென்ட் போட்டோவுக்கும் நடுவுல அவரே மாட்டினாரு. ஆன்ட்டி கதவுகிட்ட நின்னு பாத்துட்டு, "எங்க வீட்டு பேருக்கு என்ன அர்த்தம்ப்பா?"ன்னு கேட்டாங்க. ஆன்ட்டி பொறந்த வீடு பெரேரா, போர்ச்சுகீஸ்ல பேரிக்கா மரம். அக்கா பொண்ணு இப்போ மரம் வரைஞ்சுட்டு இருக்கா.